சூடேறி நிற்கும் மொரிஸ் மைனர்: கொயிலும் பலாஸ்ற் றெசிஸ்டரும்

கிளிநொச்சியில் விடியத் திறப்பைத் திருப்பின உடனே ஸ்டார்ட் எடுக்கும் கார், ஏ9 வீதியில் மாங்குளம் வரமுன் நின்றுவிடும். ஸ்பார்க் பிளக்குக்கு உயர் வோல்ற் கொடுக்கும் கொயிலில், சூட்டால் கை வைக்க ஏலாது. ஆறவிட்டால் திரும்ப ஓடும். கொயிலுக்குப் போகும் மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பொயின்ற்ஸின் முகம் கருகி நீலம்பூத்திருந்தது. பொயின்ற்ஸில் பொறி பறப்பதைக் குறைக்கும் கண்டென்சரை மாற்றியும் அதே கதைதான்.

கொயிலின் வயர்களைக் கழற்றி, பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் இடையே மீற்றர் வைத்தேன்: 1.8 ஓம். மீற்றர் முனைகளை ஒன்றோடொன்று தொட்டாலே 0.3 காட்டியது. கழித்தால் 1.5. நோய் அதுதான். இந்தக் காருக்கு 3 ஓம் கொயில் வேண்டும். அது 12 வோல்ற்றில் 4 அம்பியர் எடுக்கும். 1.5 ஓம் கொயில் 8 எடுத்துப் பொயின்ற்ஸை எரிக்கும்.

3 ஓம் கொயில் போடுவதே சரியான வேலை. கிடைக்காதபடியால், இக்னிஷன் சுவிச்சிலிருந்து கொயில் பிளஸ்ஸுக்கு வரும் வயரின் நடுவே மின்சாரத்தை மட்டுப்படுத்தும் 1.5 ஓம் பீங்கான் பலாஸ்ற் றெசிஸ்டர் போட்டேன். ரேடியோவில் கழற்றின 5 வாற் றெசிஸ்டரைப் போடவேண்டாம். இதில் 24 வாற் சூடு பிறக்கும், பொசுங்கிவிடும். வயர்க் கட்டுக்கு விலகி, வெறும் தகட்டில் இறுக்குங்கள்.

பொயின்ற்ஸைப் புதிதாக்கி, இடைவெளி 0.015 அங்குலம் வைத்தேன். பொயின்ற்ஸ் மூடியிருக்க, கொயில் பிளஸ்ஸில் ஏறக்குறைய 6 வோல்ற் காட்டவேண்டும். திறந்திருந்தால் 12 காட்டும், அதைப் பார்த்து ஏமாறக்கூடாது.

ஸ்டார்ட்டரிலிருந்து கொயிலுக்கு, றெசிஸ்டரைத் தவிர்த்துத் தனி வயர் வரும் கார்களில், ஸ்டார்ட்டர் சுற்றும்போது எஞ்சின் பற்றி, திறப்பை விட்டதும் அணைந்தால், றெசிஸ்டர் அறுந்துவிட்டதா என்று முதலில் பாருங்கள்.