வாக்குத்தத்த அட்டையைப் பைபிளுக்குள் செருகியாச்சு, அப்புறம்?

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிந்து, கேக் துண்டும் காலண்டரும் வாங்கிக்கொண்டு, வரிசையில் நின்று வரும் வருஷத்துக்கு என்று ஒரு வேத வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டையை எடுத்து, வீடு வந்து படுக்கும்போது மணி ஒன்றரை ஆகிவிடும். அந்த அரைத் தூக்கத்தில் வருஷம் தவறாமல் நானும் தீர்மானம் எடுத்திருக்கிறேன். நாலு மணிக்கு எழுந்து ஜெபம், ஒரு வருஷத்தில் முழு வேதாகமம், வெள்ளிக்கிழமை உபவாசம், கோபமே படக்கூடாது. பொங்கல் லீவு முடிவதற்குள் நாலும் காணாமல் போய்விடும். போன வருஷ அட்டையில் என்ன வசனம் வந்தது என்று கேட்டால் முழிப்பேன்.

மூன்று வருஷமாக வேறு மாதிரி செய்கிறேன். புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்காக அதை எழுதுகிறேன். வேண்டியது நாற்பது பக்க நோட்டு ஒன்று, பேனா ஒன்று, ராத்திரியில் ஐந்து நிமிஷம். அவ்வளவுதான்.

படி 1: ஜனவரி 1-ம் தேதி எதையும் தீர்மானிக்காதீர்கள்

அன்றைக்கு வீடு நிறைய ஆட்கள், அடுப்பில் கறிக்குழம்பு, போன் ஓயாது. தீர்மானம் எடுக்கிற நாளா அது? நம் ஆட்கள் தீர்மானத்தையும் பொருத்தனையையும் வேறு குழப்பிக்கொள்வார்கள். ஆண்டவரிடம் நேர்ந்துகொண்டு செய்யாமல் விடுவதைவிட, நேர்ந்துகொள்ளாமலே இருப்பது நல்லது என்று பிரசங்கி 5-ம் அதிகாரம் கண்டிப்பாகச் சொல்கிறது. அதனால் வாயைத் திறக்காமல் இரண்டு மூன்று நாள் உங்களை நீங்களே கவனியுங்கள். எந்த நேரத்தில், யாரிடம், எதனால் நிலை தவறுகிறீர்கள் என்று மட்டும் பாருங்கள்.

படி 2: ஒரே ஒரு குறையை எடுங்கள், வீட்டில் கேட்டு எடுங்கள்

நாமே தேர்ந்தெடுத்தால் கௌரவமான குறையாகப் பார்த்து எடுப்போம். 'ஜெப வாழ்க்கை போதவில்லை' என்று சொன்னால் கேட்கிறவர்கள் நம்மை இன்னும் பக்திமான் என்றுதான் நினைப்பார்கள். அதனால் கூட இருப்பவர்களிடம் கேட்க வேண்டும்.

நான் ஒன்பதாவது படிக்கிற மகனிடம் கேட்டேன். "அம்மா, காலைல ஏழரையிலேர்ந்து எட்டு வரைக்கும் நீங்க பேசவே மாட்டீங்க, கத்த மட்டும்தான் செய்வீங்க" என்றான். அவன் அப்பா பேப்பருக்குப் பின்னால் காது கேட்காதவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். சுருக்கென்று இருந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால், பையன் நேரத்தையும் இடத்தையும் சேர்த்தே சொல்லிவிட்டான். 'கோபத்தை விட்டுவிடுவேன்' என்பதை யாரும் பிடித்துப் பார்க்க முடியாது. 'ஏழரை முதல் எட்டு வரை அடுக்களையில் நின்றுகொண்டு கத்த மாட்டேன்' என்பதை விரல் விட்டு எண்ணலாம்.

எண்ண முடிகிறதா என்பதுதான் சோதனை. படுக்கையிலிருந்து எழும் முன் போனை எடுப்பது, தங்கச்சியிடம் பேசும்போதெல்லாம் மாமியார் கதையை இழுப்பது, கடனைக் கேட்டு வருகிறவரிடம் 'அவர் ஊர்ல இல்லை' என்று பிள்ளையை விட்டுச் சொல்ல வைப்பது. இவையெல்லாம் எண்ணக்கூடியவை. 'அன்பில் வளர வேண்டும்' என்பது நல்ல ஆசைதான், ஆனால் நோட்டில் ஏறாது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். குடி, அடி உதை என்று இருக்கிற வீட்டுக்கு இந்த நோட்டு போதாது. அதற்கு வெளியிலிருந்து ஆள் வேண்டும், உதவி கேட்பதில் வெட்கமே வேண்டாம்.

படி 3: இன்றைக்கு மட்டும் கேளுங்கள்

யாத்திராகமம் 16-ல், வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து கிடைத்த மன்னா என்கிற ஆகாரத்தின் கதை இருக்கிறது. தலைக்கு ஒரு ஓமர் அளவு, அன்றன்றைக்கு உள்ளது. மறுநாளைக்கு என்று சிலர் பதுக்கிவைத்தது புழுத்து நாறியது. ஓய்வுநாளுக்காக ஆறாம் நாளில் மட்டும் இரட்டிப்பு. கர்த்தருடைய ஜெபத்திலும் ஆகாரத்தை 'இன்று' தாரும் என்றுதான் கேட்கிறோம், ஒரு வருஷத்துக்கு மொத்தமாக இல்லை. பொறுமையும் அப்படித்தான் கிடைக்கிறது என்பது என் அனுபவம்.

அதனால் ஜெபத்தைத் தினமும் நடக்கிற ஏதாவது ஒரு வேலையோடு கட்டிவிடுங்கள். நான் பால் அடுப்பில் ஏறியதும் சங்கீதம் 141-ன் மூன்றாம் வசனத்தைச் சொல்கிறேன்: "கர்த்தாவே, என் வாய்க்குக் காவல்வையும்." அதோடு "இன்றைக்கு எட்டு மணி வரைக்கும்" என்று நானாக ஒட்டிக்கொள்வது. பால் பொங்குவதற்குள் முடிந்துவிடும். உங்கள் குறைக்கு ஏற்ற வசனம் ஒன்றை நீங்கள் தேடிக்கொள்ளுங்கள். அட்டையில் வந்த வசனம் பொருந்தினால் அதையே வைத்துக்கொள்ளலாம். பொருந்தாவிட்டால் அட்டை கோபித்துக்கொள்ளாது.

படி 4: புள்ளி வையுங்கள்

இது என் கண்டுபிடிப்பு இல்லை. 1521-ல் பம்ப்லோனா சண்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் நொறுங்கிய இக்னேசியஸ் லொயோலா என்கிற வீரர், பிற்பாடு இயேசு சபை என்கிற கத்தோலிக்கத் துறவற சபையை ஏற்படுத்தியவர், சொல்லிக்கொடுத்த முறை. 1548-ல் அச்சான அவருடைய 'ஆன்மிகப் பயிற்சிகள்' என்கிற புத்தகத்தில் இருக்கிறது. நான் சி.எஸ்.ஐ. என்கிற புராட்டஸ்டண்ட் சபைக்காரி. கத்தோலிக்கர் முறையை எதற்கு எடுக்கிறாய் என்று எங்கள் பெண்கள் ஐக்கியத்தில் ஒரு அக்கா கேட்டார்கள். நல்ல குழம்பு எந்த வீட்டில் கொதித்தால் என்ன?

முறை எளிது. ஒரு குறையை மட்டும் எடுக்க வேண்டும். காலையில் எழுந்ததும் அதை நினைத்து ஆயத்தமாக வேண்டும். மத்தியானமும் ராத்திரியும் கணக்குப் பார்க்க வேண்டும். வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு கோடு. தவறின ஒவ்வொரு தடவைக்கும் கோட்டில் ஒரு புள்ளி. தவறும் அந்த நிமிஷத்திலேயே, பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாதபடி நெஞ்சில் கை வைக்கச் சொல்கிறார். பிறகு முந்தின கோட்டையும் இந்தக் கோட்டையும், நேற்றையும் இன்றையும், போன வாரத்தையும் இந்த வாரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

நான் ராத்திரிக் கோடு மட்டும் போடுகிறேன், என் குறைக்கு அரை மணி நேரம்தானே. முதல் வாரம் திங்கட்கிழமை பதினொரு புள்ளி. அரை மணி நேரத்தில் பதினொன்று! ஷூ ஒன்றைக் காணவில்லை, டிபன் பாக்ஸ் மூடி மாறிவிட்டது, டைரியில் கையெழுத்து வாங்கவில்லை. எழுதி வைத்தபோதுதான் இன்னொன்று பிடிபட்டது: பாதிப் புள்ளி ஷூவால் வந்தது. ஷூவை ராத்திரியே வாசல் பக்கம் எடுத்து வைத்ததும், பொறுமை வளராமலே புள்ளி ஆறாக இறங்கியது. மீதி ஆறுக்குத்தான் கிருபை தேவைப்பட்டது.

புள்ளி குறைந்தால் பரலோகம் என்று யாரும் சொல்லவில்லை. இரட்சிப்பு கிருபையினால் வருகிறது. நோட்டு, நான் எங்கே வழுக்குகிறேன் என்று காட்டுகிற விளக்கு. சிலருக்கு எண்ண எண்ண மனசு நொந்துபோகும், இக்னேசியஸே மன்ரேசா என்கிற ஊரில் அப்படி அவஸ்தைப்பட்டவர்தான். உங்களுக்கும் அப்படி என்றால் புள்ளியை நிறுத்திவிட்டு, அன்றைக்குச் சறுக்காத ஒரு தருணத்தை எழுதி ஸ்தோத்திரம் சொல்லி மூடிவிடுங்கள்.

படி 5: வேதம் வாசிக்க, ஆதியாகமத்தில் ஆரம்பிக்காதீர்கள்

66 புத்தகம், 1,189 அதிகாரம். வருஷத்துக்குள் முடிக்க நாளுக்கு மூன்றுக்கு மேல் வாசிக்க வேண்டும். அந்தக் கணக்கில் போனால் ஜனவரி கடைசி வாரத்தில் லேவியராகமம் வரும். பாதிப் பேர் அங்கேதான் பைபிளை மூடுகிறார்கள்.

ஆரம்பிக்கிறவர்களுக்கு நான் சொல்வது: ஜனவரிக்கு 31 நாள், நீதிமொழிகளுக்கு 31 அதிகாரம், தேதியைப் பார்த்துத் திறந்தால் போதும். பிப்ரவரியில் மாற்கு, 16 அதிகாரம். பழகிவிட்டால் புதிய ஏற்பாடு முழுவதற்கும் 260 அதிகாரம். வாரத்துக்கு ஐந்து நாள் ஒவ்வொன்றாக வாசித்தால் 52 வாரத்தில் சரியாக முடியும். சனி, ஞாயிறு விட்டுப்போனதற்கு.

படி 6: விட்டுப்போன நாளைத் துரத்தாதீர்கள்

காய்ச்சல் வரும், கல்யாணம் வரும், ஊருக்குப் போவோம். நான்கு நாள் விட்டுப்போனால் ஐந்தாம் நாள் பதினைந்து அதிகாரம் வாசிக்கிறவர்கள் ஆறாம் நாள் வாசிப்பதில்லை. அன்றைய தேதிக்கு உள்ளதைத் திறந்து உட்காருங்கள். அவருடைய இரக்கங்கள் "காலைதோறும் புதியவைகள்" என்று புலம்பல் 3-ல் இருக்கிறது. எருசலேம் இடிந்து கிடக்கும்போது எழுதினது அது. நோட்டில் விட்டுப்போன கோட்டையும் காலியாகவே விடுங்கள், யோசித்து நிரப்ப வேண்டாம்.

படி 7: ஞாயிற்றுக்கிழமை ஒருவரிடம் காட்டுங்கள்

கோயிலுக்குப் போய்வந்து, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஐந்து நிமிஷம். வாரக் கூட்டுத்தொகையை மட்டும் சொன்னால் போதும். சொல்கிற ஆள் உங்களுக்கு உபதேசம் பண்ணாதவராக இருக்கட்டும். நாலைந்து வாரம் தொடர்ந்து ஒன்றிரண்டு புள்ளியோடு நின்றால் அடுத்த குறைக்குப் போகலாம். எனக்கு இந்த ஒன்றுக்கே ஆகஸ்ட் ஆகிவிட்டது.

என்னிடம் கணக்குக் கேட்கிறவன் மகன்தான். போன வாரம் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, வியாழக்கிழமைக் கோட்டில் பேனாவால் இன்னொரு புள்ளி வைத்தான். "மூணு இல்லம்மா, நாலு. கேட்டுக்குப் பக்கத்துல வந்து ஒண்ணு கத்தினீங்க." அது எட்டு மணிக்கு மேலே என்று வாதாடிப் பார்த்தேன். ஆட்டோ எட்டுக்குத்தான் வரும் என்றான்.