பெயர் ஒன்று, வண்டி வேறு: பழைய கார் பிரியர்கள் செய்யும் தவறுகள்

போன சனிக்கிழமை மாலை, பட்டறைக் கதவை இழுத்துச் சாத்தப் போகும் நேரத்தில் ஒரு தம்பி பெரிய அட்டைப் பெட்டியோடு வந்து நின்றான். அப்பா செம்பனை ஆலையில் லோரி ஓட்டுகிறார். பையன் வைத்திருப்பது டொயோட்டா ஸ்டார்லெட் கிளான்சா வி. அந்த வண்டி எங்கள் ஊர், மலேசியாவின் சுங்கை சிப்புட் கடைத்தெருவில் நுழைந்தால், மாமாக் கடையில் தே தாரிக் ஆற்றிக்கொண்டிருப்பவர்கூட ஒரு நிமிடம் கையை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்.

"அண்ணே, கிளான்சாவுக்கு ஹெட்லைட் கிடைச்சிருச்சு. இந்தியாவிலேருந்து வருது, புத்தம் புதுசு."

பெட்டியைப் பிரித்தோம். பளபளவென்று இரண்டு ஹெட்லைட், ஒரு கிரில். எடுத்து வண்டியின் மூக்கருகே பிடித்துப் பார்த்தான். குழந்தை முகத்தில் தாத்தா மூக்குக்கண்ணாடியை மாட்டியது போல இருந்தது. திரும்பவும் பெட்டியில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தான். கிளான்சா என்றுதான் போட்டிருந்தது. கடைக்காரர் பொய் சொல்லவில்லை. கிளான்சாவுக்கான லைட்தான், ஆனால் வேறு கிளான்சா.

இவனுடையது ஈபி91 என்ற மாடல், 1996 முதல் 1999 வரை வந்தது. 1.3 லிட்டர் டர்போ இன்ஜின், 135 குதிரைத்திறன், ஒரு டன்னுக்கும் குறைந்த எடை. இந்தியாவில் 2019இல் டொயோட்டா கிளான்சா என்று இறக்கியது சுசுகி பலேனோவை. 1.2 லிட்டர் சுசுகி இன்ஜின், டர்போ கிடையாது, முன்னால் டொயோட்டா சின்னம். இதில் இன்னொரு கூத்து, 2020இல் அதே பலேனோவுக்கு ஆப்பிரிக்காவில் ஸ்டார்லெட் என்று பெயர் வைத்தார்கள். ஆக இவன் வண்டியின் இரண்டு பெயர்களும் இரண்டு கண்டங்களில் ஒரே அந்நிய வண்டிக்குப் போய்விட்டன.

தபால் செலவோடு 900 வெள்ளி (ரிங்கிட்). சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். 2008இல் என்னைப் பார்த்து ஒருவர் இப்படித்தான் சிரிப்பை அடக்க முடியாமல் நின்றார்.

எண்ணெய் மாற்றாமல் ஓட்டுவது, டைமிங் பெல்ட் அறுகிற வரை காத்திருப்பது, இதையெல்லாம் எழுதப் போவதில்லை. அதை யாரும் சொல்வார்கள். பெயரால் ஏமாறுகிற கதை மட்டும்தான் இங்கே.

எம்பிளத்தை நம்புவது

வேகமான ரகம் என்று காட்டப் பின்னால் ஒட்டும் ஜிடிஐ எம்பிளம் இணையக் கடையில் சில வெள்ளிக்குக் கிடைக்கிறது.

பெயரைச் சொல்லிப் பார்ட்ஸ் வாங்குவது

இதுதான் என்னை இன்றைக்கும் எரிச்சல்படுத்துகிற தவறு. காரணம், நான் செய்தது.

தோட்டத்து லயத்தில் வளர்ந்தவன் நான். 1990களின் கடைசியில் நம் நாட்டுக் கம்பெனி புரோட்டோனின் சத்ரியா ஜிடிஐ வந்தபோது, எங்கள் தோட்டத்துக் கணக்கர் கிராணியாரின் மகன் ஒன்று வாங்கினார். சாயங்காலம் செம்மண் சாலையில் அது வரும் சத்தம் ரப்பர் பால்காட்டின் அந்தக் கடைசியிலேயே கேட்கும். 1.8 லிட்டர், ட்வின் கேம், 4ஜி93 இன்ஜின், ஏறத்தாழ 140 குதிரைத்திறன். பின்னால் லோட்டஸ் கம்பெனி கையாளுமையைச் சீர்செய்தது என்று சொல்லும் சின்ன எழுத்து. அந்த எழுத்தைத் தடவிப் பார்க்கவே நாங்கள் நாலு பேர் வண்டி கழுவித் தருவோம்.

2006இல் புரோட்டோன் அதே சத்ரியா பெயரில் நியோவை இறக்கியது. மூன்று கதவு, கச்சிதமான உடம்பு, பார்க்க அழகு. இன்ஜின் மட்டும் புரோட்டோனின் சொந்தக் கெம்ப்ரோ, 1.6இல் 110 குதிரைத்திறன் அளவு. ஈராண்டு கழித்து வங்கிக் கடனில் ஒன்று வாங்கினேன். அப்போது இங்கேயே ஒரு தவுக்கேயின் (முதலாளியின்) பட்டறையில் கையாள். கையில் ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்ததும் தலையில் கனமும் ஏறிவிட்டது. என் கணக்கு இதுதான்: நியோவும் சத்ரியா, ஜிடிஐயும் சத்ரியா. அண்ணனின் இதயத்தைத் தம்பிக்கு மாற்றினால் போச்சு.

ஈப்போ பக்கம் ஒரு ஹாஃப் கட் கடையில் விபத்தில் சிக்கிய ஜிடிஐயின் முன்பாதி இருந்தது. இன்ஜின், கியர்பாக்ஸ், இன்ஜினை இயக்கும் கணினியான இசியு, வயரிங் எல்லாம் சேர்த்து 4,800 வெள்ளி. அதில் பாதி அம்மாவின் கூட்டுச் சீட்டுப் பணம். "சத்ரியாவுக்குத்தானே?" என்று கடைக்காரர் கேட்டார். "ஆமாம், சத்ரியாவுக்கு" என்றேன். எந்தச் சத்ரியா என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தவுக்கே இல்லாத நேரம் பார்த்து, நியோவின் இன்ஜினைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, செயின் பிளாக்கில் 4ஜி93ஐத் தொங்கவிட்டு இறக்கினேன். இன்ஜினைத் தாங்கும் மவுண்டிங்கில் ஒன்று கிட்டத்தட்ட உட்கார்ந்தது. அந்த ஒன்றுதான் என்னைக் கெடுத்தது. மற்றவை விரல் நீளத்துக்குத் தள்ளி நின்றன. வண்டியைக் கொஞ்சம் அசைத்தால் வந்துவிடும் என்று கடப்பாரையால் நெம்பிக்கொண்டிருந்தேன். அப்புறம் பார்த்தால் டிரைவ் ஷாஃப்ட்டும் சேரவில்லை, கியர் கேபிளும் சேரவில்லை. வயரிங்கில் ஒரு சாக்கெட்கூட இன்னொன்றோடு பேசவில்லை.

திங்கட்கிழமை காலை தவுக்கே வந்தார். தொங்கிக்கொண்டிருந்த இன்ஜினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "லூ பாச்சா நாமா, தா பாச்சா நோம்போர்." பெயரைப் படித்தாய், நம்பரைப் படிக்கவில்லை. அதோடு சரி, திட்டவில்லை. காப்பி குடிக்கப் போய்விட்டார்.

முடியாத காரியம் என்று சொல்லவில்லை. மவுண்டிங்கை வெட்டி ஒட்டி, வயரிங்கைப் புதிதாகப் பின்னிப் போடுகிற ஆள்கள் இருக்கிறார்கள். அதற்கு வேறு பணம், வேறு திறமை வேண்டும். பெயர் ஒன்றாக இருப்பதால் போல்ட்டைப் பூட்டினால் போதும் என்று நினைத்தேனே, அதுதான் தவறு. 1994இல் வந்த முதல் சத்ரியா மிட்சுபிஷியின் கோல்ட், மிராஜ் வழியில் வந்த வண்டி. நியோ புரோட்டோன் தானே உருவாக்கியது. தாத்தா பெயரைப் பெற்றவன் என்பதால்தான் நம் தமிழில் பெயரன், பேரன் என்றார்கள். அங்கே பெயரோடு ரத்தமும் வருகிறது. இங்கே பெயர் மட்டும் வந்தது.

மூன்று மாதம் வண்டி முட்டுக்கட்டையில் நின்றது, கடன் மட்டும் மாதாமாதம் ஓடியது. கடைசியில் கெம்ப்ரோவையே திரும்பப் பூட்டினேன். கேஸ்கெட், எண்ணெய், ஏர்கோன் கேஸ் எல்லாம் மறுபடியும் என் செலவு. ஜிடிஐ இன்ஜினை 2,900 வெள்ளிக்கு ஒருவர் வாங்கிக்கொண்டு போனார். அவரிடம் இருந்தது 1.6 புரோட்டோன் வீரா. ஒன்றரை நாளில் பூட்டி ஓட்டிக்கொண்டு வந்து, சிரிப்பை அடக்க முடியாமல் என்னிடமே காட்டினார்! அவர் வண்டியின் பின்னால் எங்கேயும் சத்ரியா என்று இல்லை.

அப்போதுதான் புரிந்தது. புரோட்டோனின் வீரா, பழைய சத்ரியா, புத்ரா மூன்றும் மிட்சுபிஷி வயிற்றில் பிறந்த பங்காளிகள். இந்தப் பெயர்களை மலாயில் படிக்கும்போதே நம் காதில் வீரன், சத்திரியன், புத்திரன் என்றுதான் விழும். புத்ராவிலும் வீராவிலும் அதே 1.8 ட்வின் கேம் கம்பெனியிலிருந்தே வந்தது. பெயர் மூன்று, குடும்பம் ஒன்று. சத்ரியா, சத்ரியா நியோ: பெயர் ஒன்று, குடும்பம் இரண்டு.

ஆகையால் என் கடைக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது பெயரை அல்ல. போனட்டைத் திறக்கச் சொல்வேன். பழைய டொயோட்டாவானால் இன்ஜின் அறையின் பின்சுவரில் சின்னத் தகடு இருக்கும். அதில் ஈபி82, ஈபி91 என்று மாடல் குறியீடு, இன்ஜின் குறியீடு, பெயின்ட் எண் எல்லாம் உண்டு. புரோட்டோனில் பிஎல்1 என்று தொடங்கும் 17 இலக்கச் சேசிஸ் எண்ணைப் பார்க்க வேண்டும். மிட்சுபிஷி வகை இன்ஜினில் 4ஜி92, 4ஜி93 என்று பிளாக்கிலேயே குத்தியிருக்கும். அழுக்கு மூடியிருந்தால் பெட்ரோல் நனைத்த துணியால் ஒரு துடை துடைத்தால் தெரியும், இன்ஜின் ஆறிய பிறகு. இந்த மூன்றையும் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பார்ட்ஸ் கடையில் பெயரைச் சொல்லாதீர்கள், படத்தைக் காட்டுங்கள். முடிந்தால் பழைய பார்ட்ஸைக் கழற்றிக் கையில் கொண்டு போங்கள். கவுண்டரில் இரண்டையும் பக்கத்தில் வைத்து துளைகளை எண்ணிப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

கிரானைக் கடைசியில் பார்ப்பது

பணம் கொடுத்த பிறகு கிரானை, அதாவது வண்டியின் பதிவுப் பத்திரத்தை, பிரித்துப் பார்த்து, இன்ஜின் எண் வேறாக இருக்கிறது என்று என்னிடம் ஓடி வருகிறவர்கள் உண்டு. இன்ஜின் மாற்றினால் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேவில் பதிந்திருக்க வேண்டும். பதியாத இன்ஜின், உரிமையாளர் பெயர் மாற்றச் சோதனைக்குப் புஸ்பகோம் வாகனப் பரிசோதனை மையம் போகிற அன்றைக்கு வெளியே வரும். அன்றைக்கு விற்றவர் கைப்பேசியை எடுக்க மாட்டார்.

பெர்டானா

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். நம் ஊர் நடுத்தர வயதுக்காரர்கள் பலரும் இதில் தடுக்கி விழுகிறார்கள். 1995இல் வந்த புரோட்டோன் பெர்டானா மிட்சுபிஷி எட்டெர்னாவின் வழி. பிறகு அதில் ஆறு சிலிண்டர் வி6 இன்ஜின் வந்தது. இன்றைக்கும் அந்தச் சத்தத்துக்காகவே அதை வைத்திருக்கிறவர்கள் உண்டு. 2016இல் பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்த பெர்டானா ஹோண்டா எக்கோர்ட்டின் எட்டாம் தலைமுறை. இன்ஜினும் ஹோண்டாவுடையது.

ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் புது பெர்டானாவுக்கு 'பெர்டானா அப்சார்பர்' வாங்கி வந்தார், வி6க்கு உள்ளது. திருப்பிக் கொடுத்துவிட்டு அந்தத் தலைமுறை எக்கோர்ட்டுக்குக் கேளுங்கள் என்றேன். "ஹோண்டா கடைக்கா போகச் சொல்றீங்க?" என்று சந்தேகத்தோடு பார்த்தார். மறுநாள் வாங்கி வந்தார், சரியாக உட்கார்ந்தது. பெயரை விட்டுவிட்டு வம்சத்தைப் பிடித்தால் சில சமயம் இப்படி லாபமும் உண்டு.

புது வண்டியைத் திட்டிக்கொண்டே இருப்பது

"எக்லிப்ஸ் பெயரை எஸ்யூவிக்கு வச்சுட்டானுங்க" என்று வாரம் ஒருவராவது என் பெஞ்சில் உட்கார்ந்து புலம்புவார். எனக்கும் அந்தக் கோபம் இருந்தது. மிட்சுபிஷி எக்லிப்ஸ் 1989இல் பிறந்த கூப்பே, தாழ்வான ஸ்போர்ட்ஸ் வண்டி. 2017இல் எக்லிப்ஸ் கிராஸ் என்று எஸ்யூவி வந்தது. ஃபோர்டு பூமா 1997இல் யமஹா கைவைத்த 1.7 இன்ஜினோடு வந்த குட்டிக் கூப்பே. 2019இல் உயரமான கிராஸ்ஓவர். மஸ்டாங் பெயரை 2019இல் மின்சார எஸ்யூவிக்கு, மாக்-ஈ என்று. 2024இல் ஃபோர்டின் பழைய பெயரான கெப்ரியும் மின்சாரத்துக்குப் போய்விட்டது.

ஆனால் பழைய பெயர்களும் யோக்கியம் என்று சொல்ல முடியாது. எக்லிப்ஸ் என்பதே 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஓடிய பந்தயக் குதிரையின் பெயர். ஃபெராரி 1962இல் ஜிடிஓ என்று வைத்ததை, 1964இல் அமெரிக்காவின் போன்டியாக் கூசாமல் எடுத்துக்கொண்டது. ஸ்கைலைன் என்றால் பையன்களுக்கு நிசானின் வேக வண்டி ஜிடிஆர்தான். அந்தப் பெயர் 1957இல் பிரின்ஸ் என்ற பிராண்டில் வந்த சாதாரண குடும்பக் காரில் தொடங்கியது. 1969இல் வந்த முதல் ஜிடிஆருக்கு நாலு கதவு. 2009இல் ஸ்கைலைன் கிராஸ்ஓவர் என்றும் ஒன்று வந்துவிட்டது. அதை மன்னிக்க எனக்கு இன்னும் மனசு வரவில்லை, அது வேறு விஷயம்.

கம்பெனிக்காரன் கணக்கு எளிது. புதுப் பெயரை ஊருக்குப் பழக்க விளம்பரத்தில் பணத்தைக் கொட்ட வேண்டும். பழைய பெயர் ஏற்கெனவே நம் தலைக்குள் வாடகையில்லாமல் குடியிருக்கிறது. பதினைந்து வயதில் அந்தக் காரின் படத்தைச் சுவரில் ஒட்டியவனுக்கு இன்றைக்கு ஐம்பது வயது. மூன்று பிள்ளைகள், முட்டி வலி, பின்னால் அரிசி மூட்டை வைக்க இடம் வேண்டும். அவனுக்குத்தான் அந்தப் பெயர் விற்கப்படுகிறது. திட்டுவதில் காசு போகாது, திட்டிக்கொள்ளலாம். காசு போவது வேறு இடத்தில்: புது வண்டி பெயரைக் கெடுத்துவிட்டது, இனிப் பழையதுக்குக் கிராக்கி ஏறும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, துருப்பிடித்த பழைய வண்டிக்கு இரட்டிப்பு விலை கொடுப்பது. வண்டியின் கதவு வாசல் அடியில் கையை விட்டுத் தட்டிப் பாருங்கள். பொத்தலாக இருந்தால் பெயர் அடைக்காது.

"எல்லாம் ஒரே செட்டுதான் பாஸ்"

இப்படிச் சொல்கிறவரிடம் வாங்காதீர்கள்.

அந்தத் தம்பியின் ஹெட்லைட் பெட்டி இப்போது என் பட்டறை மேல்தட்டில் இருக்கிறது. பக்கத்தில் என் பழைய ஜிடிஐ மவுண்டிங் ஒன்று. அந்த வீராக்காரருக்கு அது தேவைப்படவில்லை, எனக்கும் தூக்கிப் போட மனசில்லை. நேற்று மதியம் தம்பி கூப்பிட்டான், குரலில் ஒரே உற்சாகம்.

"அண்ணே, லைட்டுக்கு ஆள் கிடைச்சிருச்சு! ஒருத்தரு பலேனோ வச்சிருக்காராம். 700க்கு எடுத்துக்கிறேன்னு சொல்றாரு. அனுப்பிடவா?"

"எந்த பலேனோடா? 1995இல் வந்த செடானா, 2015இல் வந்ததா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"கேட்டுட்டுக் கூப்பிடுறேண்ணே."