பெயர் தெரியாத தோட்டச் செடிகளை இலையிலிருந்து அடையாளம் காணும் முறை

புது வீட்டுக்குக் குடிபோகும்போதும், நாற்றுப்பண்ணையில் பெயர்ச்சீட்டு இல்லாத தொட்டியை வாங்கும்போதும், பறவை எச்சத்தில் வந்த விதை முளைக்கும்போதும் பெயர் தெரியாத செடிகள் நம் தோட்டத்தில் சேர்ந்துவிடுகின்றன. அவற்றின் பெயரைத் தேடுவோர் பெரும்பாலும் பூவின் நிறத்திலிருந்தே தொடங்குகிறார்கள். நிறத்தை நம்ப வேண்டாம் என்பதே என் முதல் வேண்டுகோள். அரளி ஒன்றே வெள்ளை, இளஞ்சிவப்பு, சிவப்பு என்று பல நிறங்களில் பூக்கிறது. காகிதப்பூவில் இதழாகத் தோன்றும் வண்ணப் பகுதி பூவடிச்செதில்தான், அதாவது பூவையொட்டி வளரும் ஒருவகை இலைதான்; உண்மையான பூக்கள் அதன் நடுவே வெளிறிய சிறு குழல்களாக நிற்கின்றன.

முதல் படியாக, ஒரு கணுவில் எத்தனை இலைகள் இருக்கின்றன என்று பாருங்கள். செம்பருத்தியில் கணுவுக்கு ஒன்று, நந்தியாவட்டையில் எதிரெதிராக இரண்டு, அரளியில் பெரும்பாலும் வட்டமாக மூன்று. இந்த ஒரு குறிப்பே தேடலைப் பாதியாகக் குறைத்துவிடும்.

அடுத்த படியில்தான் புதியவர்கள் பலரும் தடுமாறுகிறார்கள்: கையில் இருப்பது ஓர் இலையா, பல சிறு இலைகளாகப் பிரிந்த கூட்டிலையின் ஒரு சிற்றிலையா? கறிவேப்பிலையில் ஓர் ஈர்க்காக நாம் கிள்ளியெடுப்பது முழுவதும் சேர்ந்துதான் ஓர் இலை. இதை உறுதிசெய்ய, காம்பு தண்டோடு சேரும் மேல்மூலையில் கோணமொட்டு இருக்கிறதா என்று தேட வேண்டும். ஈர்க்கின் அடியில் அந்த மொட்டு இருக்கும். ஈர்க்கின் மேல் வரிசையாக உள்ள சிற்றிலைகளின் அடியில் இராது. தொட்டிகளில் தானாக முளைக்கும் கீழாநெல்லி இதற்கு நேர்மாறானது. பார்வைக்குக் கூட்டிலையாகத் தெரிந்தாலும், அதைத் திருப்பிப் பார்த்தால் ஒவ்வோர் இலையின் அடியிலும் சிறு பூவோ காயோ தொங்குவதைக் காணலாம். எனவே அது சிறுகிளை, அதிலுள்ள ஒவ்வொன்றும் தனி இலை. மொட்டு கண்ணுக்கு எளிதில் தென்படாது என்பதால், 10 மடங்கு பெருக்கிக் காட்டும் கைலென்ஸ் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். விலையுயர்ந்த கேமராவைவிட அதுவே பயன்படும்.

மூன்றாவதாக, ஓர் இலையைக் கிள்ளிப் பால் வடிகிறதா என்று பாருங்கள். மல்லிகையில் வடியாது, நந்தியாவட்டையில் வடியும். கள்ளி இனங்களின் பால் கண்ணில் பட்டால் கடுமையாக எரியும். அரளியின் எல்லாப் பகுதிகளும் நஞ்சு. ஆகவே எதையும் வாயில் வைத்துச் சோதிக்காதீர்கள், கையை உடனே கழுவிவிடுங்கள். எதிரிலைச் செடியாக இருந்தால், இரு காம்புகளுக்கும் இடையே தண்டை ஒட்டிச் சிறு முக்கோணச் செதில் தெரிகிறதா என்பதையும் கவனியுங்கள். இட்லிப்பூ, முசாண்டா, நுணா ஆகியவற்றில் அது இருக்கும். இவை யாவும் காபிச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்தவை.

பூவுக்கு இப்போதுதான் வர வேண்டும். நந்தியாவட்டையின் ஐந்து இதழ்களும் காற்றாடி போல ஒரே பக்கமாகத் திரும்பியிருக்கும். மல்லிகைப் பூவின் குழலைப் பிளந்தால் இரண்டே மகரந்தத்தாள்கள் இருக்கும்.

இனிப் படத்தைப் பார்த்துச் செடியின் பெயர் சொல்லும் கைப்பேசிச் செயலிகளை நாடலாம். இலை, பூ, காய், பட்டை எனத் தனித்தனியாகப் படமெடுத்து, எது எந்த உறுப்பு என்று குறிப்பிட வசதியுள்ள பிளான்ட்நெட்டையே நான் முதலில் பயன்படுத்துகிறேன். கூகுள் லென்ஸ் விரைவானது என்றாலும் நிறத்தால் எளிதில் ஏமாறுகிறது. உயிரினங்களைப் பதிவுசெய்யும் தளமான ஐநேச்சுரலிஸ்டில் பதிவேற்றினால், நட்டு வளர்த்த செடி என்பதைத் தவறாமல் குறிப்பிடுங்கள். செயலி தரும் பெயரை அப்படியே ஏற்காமல், நீங்கள் குறித்துவைத்த இலை, பால், செதில் ஆகிய எல்லாம் அதற்குப் பொருந்துகின்றனவா என்று ஒப்பிடுங்கள். ஒன்று பொருந்தாவிட்டாலும் அடுத்த பெயரைப் பாருங்கள். ஒரே செடிக்கு இரண்டு அறிவியல் பெயர்கள் கிடைத்தாலும் குழம்ப வேண்டியதில்லை. நந்தியாவட்டையைப் பழைய நூல்கள் எர்வாடாமியா என்கின்றன, இன்று அது டேபர்னேமோன்டானா. லண்டனிலுள்ள கியூ தாவரவியல் பூங்காவின் இணையத்தளம் எது நடப்புப் பெயர் என்று காட்டிவிடும்.

பின்சேர்க்கை: அடுக்குச் செம்பருத்தியில் மகரந்தத்தாள்களை எண்ண முடியவில்லை என்று வாசகர்கள் சிலர் எழுதியிருந்தனர். அதில் மகரந்தத்தாள்கள் பல இதழ்களாகவே மாறிவிடுவதால் இலையைத்தான் நம்ப வேண்டும். மேலும் நாற்றுப்பண்ணைச் செம்பருத்திகள் பல கலப்பினங்கள் என்பதால், அவற்றுக்குச் சிற்றினப் பெயர் தேடாமல் பேரினப் பெயரோடு நிறுத்தி, பண்ணையில் சொன்ன ரகப் பெயரையும் சேர்த்துப் பெயர்ச்சீட்டில் பென்சிலால் எழுதிவையுங்கள். பேனா மை வெயிலில் வெளுத்துவிடும்.