புதிர் ஆசாமியை அப்படியே விடுங்கள், கதையின் ஓட்டையை மட்டும் அடைத்துவிடுங்கள்

மாயாஜால நாவலில் ஒருவர் யார், எங்கிருந்து வந்தார் என்று சொல்லாமல் விடலாம். அவரால் எது முடியும், எது முடியாது என்பதை மழுப்பக் கூடாது. டோல்கீனின் ‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ நாவலில் வரும் டாம் பாம்படில், மாட்டியவரை மறைய வைக்கும் மந்திர மோதிரத்தை மாட்டியும் மறைவதில்லை. ஏன் என்று விளக்கமே கிடையாது. வேண்டுமென்றே வைத்த புதிர் என்று 1954-இல் ஒரு கடிதத்தில் டோல்கீனே எழுதினார். ஆனால் ‘மோதிரத்தை இவரிடமே கொடுத்துவிடலாமே’ என்ற கேள்வியைக் கதையில் வரும் ஆலோசனைக் கூட்டத்திலேயே எழுப்பி, ‘மறந்துபோய் எங்காவது வீசிவிடுவார்’ என்று ஓட்டையை அடைத்துவிட்டார். கெட்டிக்காரத்தனம் அங்கேதான் இருக்கிறது.

உங்கள் கதையிலும் மற்ற பாத்திரங்கள் புதிர் ஆசாமியைப் பற்றி ஆளுக்கொன்றாக ஊகிக்கட்டும், கதைசொல்லி வாய் திறக்க வேண்டாம். கிளைமாக்ஸில் மட்டும் அவரைக் கொண்டுவந்து நாயகனைக் காப்பாற்றாதீர்கள்: புதிர் போய், எழுதியவருக்கு வழி தெரியவில்லை என்றாகிவிடும்.