மொரிசியஸ் கோயில் இணையதளத்தைப் பார்வை குறைந்தவர்களுக்கும் ஏற்றதாக அமைப்பது

மொரிசியஸ் கோயில் இணையதளங்களில் தமிழும் பிரெஞ்சும் ஒரே பக்கத்தில் வரலாம். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. பக்கம் முழுவதற்கும் பிரெஞ்சு என்று குறித்துவிட்டால், திரைவாசிப்பான் (திரையில் உள்ளதை உரக்கப் படித்துக்காட்டும் மென்பொருள்) பிரெஞ்சுக் குரலிலேயே தமிழையும் படிக்கப் பார்க்கும். பல சமயம் எழுத்துகளை விட்டே தாண்டிவிடும். பக்கத்தின் எச்டிஎம்எல் குறிமுறையில் ஒவ்வொரு பத்தியின் 'லேங்' (lang) பண்பிலும் அதன் மொழியைக் குறியுங்கள்: தமிழுக்கு 'டிஏ' (ta), பிரெஞ்சுக்கு 'எஃப்ஆர்' (fr). பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது திரையில் தமிழாகத் தெரியும், காதில் வெறும் லத்தீன் எழுத்துக் குப்பையாக விழும். யூனிகோடுக்கு மாற்றியே ஆக வேண்டும்.

தைப்பூசக் காவடி அழைப்பிதழைப் படமாக மட்டும் போடாதீர்கள். நாள், நேரம், ஊர்வலப் பாதை எல்லாம் கீழே எழுத்தாக இருக்கட்டும்.

வெள்ளையில் மஞ்சள் எழுத்து மங்கலகரமாக இருக்கலாம், ஆனால் படிக்க முடியாது. சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளிர்வு வேறுபாடு குறைந்தது 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1 வேண்டும். கருஞ்சிவப்பு நன்றாக எடுபடும்.

எழுத்தை 200% பெரிதாக்கிப் பாருங்கள். பெட்டியின் உயரத்தைப் பிக்சலில் பூட்டியிருந்தால் 'கி', 'கீ' எழுத்துகளின் மேல்வளைவுகள் வெட்டுப்பட்டு இரண்டும் ஒன்றாகிவிடும். வரி உயரத்தை எழுத்தளவைப் போல் 1.5 மடங்கு வையுங்கள்.

கடைசியாக, தமிழ்க் குரலை நிறுவி, திரையை மூடிக்கொண்டு, விண்டோஸில் என்விடிஏ, ஆண்ட்ராய்டில் டாக்பேக் ஆகிய திரைவாசிப்பான்களை வைத்து அர்ச்சனைச் சீட்டு ஒன்றைப் பதிவுசெய்யுங்கள். வெறுமனே "பொத்தான்" என்று ஒலிக்கும் இடத்திலெல்லாம் பெயர் விடுபட்டிருக்கிறது.