மறைந்துபோன ஃபைலைக் காட்டுவது, பாஸ்வேர்ட் கேட்பதை நிறுத்துவது: விண்டோஸ் 10, 11

பென்டிரைவைச் செருகினால் நம் ஃபோல்டர் ஒன்றையும் காணோம். அதே பெயர்களில் ஷார்ட்கட் மட்டும் வரிசையாக நிற்கிறது. இது ஒரு வகை வைரஸின் வேலை. ஆனால் டிரைவில் இடம் முன்பு போலவே நிறைந்திருப்பதாகக் காட்டுகிறது. வீட்டில் ஒரு பென்டிரைவை இப்படிச் சரிசெய்து கொடுத்தபோது குறித்து வைத்ததைத்தான் இங்கே ஒழுங்குபடுத்தித் தருகிறேன். கணினியை ஆன் செய்ததும் பாஸ்வேர்ட் கேட்காமல் நேரே டெஸ்க்டாப் வர என்ன செய்வது என்பதும் உண்டு. ஃபைலை ஹிடன் ஆக்கிவிட்டோம், இனி யாரும் பார்க்க முடியாது என்ற தைரியத்தில் சைன்-இன்னைத் தூக்கிவிடுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அதனால்தான் இரண்டையும் ஒரே பதிவில் எழுதுகிறேன்.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றே முடிந்துவிட்டது. இன்னும் அதில் இருப்பவர்களுக்காக, வித்தியாசம் வரும் இடங்களில் மட்டும் தனியாகச் சொல்கிறேன்.

1. ஹிடன் ஃபைல்களைக் காட்டுவது

விண்டோஸ் விசையுடன் இ அழுத்தி ஃபைல் எக்ஸ்ப்ளோரரைத் திறங்கள். விண்டோஸ் 11 என்றால் மேலே 'வியூ', அதில் கடைசியாக உள்ள 'ஷோ', அதற்குள் 'ஹிடன் ஐட்டம்ஸ்'. விண்டோஸ் 10இல் 'வியூ' தாவலைத் திறந்தால் வலப்பக்கம் அதே பெயரில் டிக் பெட்டி இருக்கும். டிக் செய்ததும் மறைந்திருந்தவை சற்று மங்கிய ஐகானோடு தெரியும்.

அங்கேயே பக்கத்தில் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்று ஒன்று இருக்கும். ஃபைல் பெயரில் கடைசிப் புள்ளிக்குப் பின் வந்து, அது எந்த வகை என்று சொல்லும் பகுதிதான் எக்ஸ்டென்ஷன். அதையும் டிக் செய்து, அப்படியே விட்டுவிடுங்கள். விண்டோஸ் இதை மறைத்து வைத்தே தருவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத விஷயம். எக்ஸ்டென்ஷன் மறைந்திருந்தால் 'பில்.பிடிஎஃப்.இஎக்ஸ்இ' என்று வரும் நிரல் ஃபைல் வெறும் 'பில்.பிடிஎஃப்' என்று தெரியும். ஐகானையும் பிடிஎஃப் போலவே வைத்து அனுப்பிவிட்டால் இரட்டைக் கிளிக் செய்யத் தயங்குவோமா? பெயர் மாற்றும்போது எக்ஸ்டென்ஷனை அழித்துவிடுவோமோ என்று பயப்பட வேண்டாம். எஃப்2 அழுத்தினால் புள்ளிக்கு முந்தைய பகுதி மட்டும்தான் தேர்வாகும். மீறி அழித்தாலும் எச்சரிக்கை வரும்.

2. அப்படியும் தெரியவில்லை என்றால்

சாதாரண ஹிடனுக்கு மேல் இன்னொரு திரை இருக்கிறது. எக்ஸ்ப்ளோரரின் மேலே உள்ள மூன்று புள்ளி, 'ஆப்ஷன்ஸ்', பிறகு 'வியூ' தாவல். பட்டியலில் 'ஹைட் புரொடெக்டட் ஆபரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்' என்பதன் டிக்கை எடுங்கள். எச்சரிக்கைக்கு 'யெஸ்' கொடுத்து 'அப்ளை' அழுத்துங்கள். விண்டோஸ் 10இல் இதே பெட்டிக்கு 'வியூ' தாவலின் ஓரத்தில் உள்ள 'ஆப்ஷன்ஸ்' வழியாகப் போகலாம்.

உடனே டெஸ்க்டாப்பில் 'டெஸ்க்டாப்.ஐஎன்ஐ' என்று இரண்டு ஃபைல் முளைக்கும். வைரஸ் இல்லை. ஒன்று உங்கள் கணக்கின் டெஸ்க்டாப்புக்கு உரியது, மற்றது எல்லாக் கணக்குகளுக்கும் பொதுவான டெஸ்க்டாப்புக்கு உரியது. சி டிரைவில் பேஜ்ஃபைல், ஹைபர்ஃபைல் என்று பெரிய பெரிய ஃபைல்கள் கண்ணில் படும். இடம் மிச்சமாகுமே என்று அவற்றில் கை வைக்காதீர்கள். வேலை முடிந்ததும் இந்த ஒரு டிக்கை மட்டும் மறுபடி போட்டுவிடுவது என் வழக்கம். ஹிடன் ஐட்டம்ஸ் எப்போதும் தெரிந்தால் பரவாயில்லை. இது எப்போதும் தெரிந்தால் ஒரு நாள் யாராவது எதையாவது அழிப்பார்கள்.

3. ஹிடன் டிக்கை எடுக்கவே முடியவில்லை

பென்டிரைவ் வேலையில் என்னை அதிக நேரம் பிடித்து வைத்த இடம் இதுதான். ஃபோல்டர் இப்போது மங்கலாகத் தெரிகிறது. ரைட் கிளிக் செய்து 'புராப்பர்ட்டீஸ்' போய் 'ஹிடன்' டிக்கை எடுக்கலாம் என்று பார்த்தால், அந்தப் பெட்டியே சாம்பல் நிறத்தில் செத்துக் கிடக்கிறது, கிளிக் ஏற்கவில்லை. காரணம், ஃபோல்டர் மீது ஹிடன் மட்டும் இல்லை, 'சிஸ்டம்' என்ற அடையாளமும் சேர்ந்து விழுந்திருக்கிறது. அது இருக்கும் வரை எக்ஸ்ப்ளோரர் ஹிடனைத் தொட விடாது. சிஸ்டம் அடையாளத்தை எடுக்க எக்ஸ்ப்ளோரரில் பொத்தானும் கிடையாது. கட்டளையைத் தட்டச்சு செய்யும் கமாண்ட் ப்ராம்ப்ட்தான் வழி.

அதற்கு முன் இரண்டு விஷயம். அந்த ஷார்ட்கட்களைத் திறந்து பார்க்காதீர்கள். உங்கள் ஃபோல்டரைத் திறப்பது போலக் காட்டிக்கொண்டே வைரஸ் தன் நிரலையும் ஓட்டிவிடும். டிரைவை ரைட் கிளிக் செய்து, விண்டோஸின் வைரஸ் தடுப்பான டிஃபெண்டரில் முழுதாக ஸ்கேன் செய்யுங்கள். பிறகு டிரைவின் எழுத்து என்ன என்று எக்ஸ்ப்ளோரரில் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே எஃப் என்று வைத்துக்கொள்கிறேன்.

ஸ்டார்ட்டில் கமாண்ட் ப்ராம்ப்டைத் தேடித் திறந்து, இந்த வரியை ஆங்கில எழுத்துகளில் தட்டுங்கள்:

அட்ரிப் -எஸ் -ஹெச் -ஆர் /எஸ் /டி எஃப்:\*.*

'அட்ரிப்' என்பது ஆட்ரிபியூட் என்ற சொல்லின் முதல் ஆறு எழுத்து. கழித்தல் குறியோடு வரும் மூன்றும் முறையே சிஸ்டம், ஹிடன், ரீட்-ஒன்லி ஆகியவற்றின் முதல் எழுத்து. அவற்றை நீக்கு என்று பொருள். சாய்கோட்டோடு வருவதில் எஸ் என்றால் சப்-ஃபோல்டர்களுக்குள்ளும் போ, டி என்றால் டைரக்டரிகளையும், அதாவது ஃபோல்டர்களையும், சேர்த்துக்கொள். இந்த டி இல்லாமல் ஓட்டினால் ஃபைல்கள் மட்டும் மீளும், ஃபோல்டர்கள் மறைந்தே இருக்கும். ஒவ்வொரு துண்டுக்கும் நடுவில் ஒரு இடைவெளி கட்டாயம்.

நிறையப் பேர் -ஹெச் மட்டும் போட்டுப் பார்க்கிறார்கள். 'நாட் ரீசெட்டிங் சிஸ்டம் ஃபைல்' என்று பதில் வரும். சரி, முதலில் சிஸ்டத்தை எடுப்போம் என்று -எஸ் மட்டும் போட்டால் 'நாட் ரீசெட்டிங் ஹிடன் ஃபைல்' என்று வரும். ஒன்றைத் தொட்டால் மற்றது தடுக்கும். இரண்டையும் ஒரே வரியில் சேர்த்துக் கொடுத்தால்தான் வழிவிடும். இது தெரியாமல் அட்மினாகத் திறந்து பார்ப்பது, வேறு கணினியில் பார்ப்பது என்று அலைய வேண்டாம். இந்தப் பதிலுக்கும் அட்மின் அனுமதிக்கும் சம்பந்தமே இல்லை.

ஓடும்போது 'சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்' என்ற ஃபோல்டருக்கு மட்டும் 'ஆக்ஸஸ் டினைட்' வந்தால் கண்டுகொள்ளாதீர்கள். அது விண்டோஸ் தனக்காக வைத்துக்கொள்ளும் ஃபோல்டர். முடிந்ததும் உங்கள் ஃபோல்டர்கள் பளிச்சென்று வந்திருக்கும். ஷார்ட்கட்களை அழித்துவிடலாம். சில சமயம் பெயரே இல்லாதது போன்ற ஒரு ஃபோல்டர் கிடக்கும். உங்கள் ஃபைல்களை அதற்குள் தள்ளிவிட்டு மறைக்கிற வைரஸ் ரகமும் உண்டு, அதனால் அதைத் திறந்து பார்க்காமல் அழிக்காதீர்கள்.

சி டிரைவில் இந்த வரியை ஓட்ட வேண்டாம். விண்டோஸ் காரணத்தோடு மறைத்து வைத்திருப்பதெல்லாம் வெளியே வந்து நிற்கும்.

ஹிடன் என்றால் பூட்டு இல்லை

மேலே ஒரே டிக்கில் எல்லாம் வெளியே வந்ததைப் பார்த்தீர்கள் அல்லவா? உங்கள் அந்தரங்க ஃபோல்டரும் அப்படித்தான் வரும். அடுத்தவர் கண்ணில் படக்கூடாத ஃபைல் என்றால் 7-ஜிப் என்ற இலவசச் சுருக்கு மென்பொருளில் 7இசட் வடிவில் பாஸ்வேர்ட் போட்டுச் சுருக்குங்கள். அது ஏஇஎஸ்-256 என்ற வலுவான குறியாக்க முறையில் பூட்டுகிறது. 'என்கிரிப்ட் ஃபைல் நேம்ஸ்' டிக்கையும் போடுங்கள், இல்லாவிட்டால் உள்ளே என்னென்ன பெயரில் ஃபைல் இருக்கிறது என்பது தெரிந்துவிடும். சுருக்கியபின் பழைய பிரதியை அழிக்க மறக்காதீர்கள். பெரிய அளவில் வேண்டுமென்றால், டிரைவையே குறியாக்கம் செய்யும் வெராகிரிப்ட் மென்பொருள். 'ஃபோல்டர் லாக்' வகை இலவச மென்பொருள்களை நான் பரிந்துரைப்பதில்லை. அவற்றில் பலவும் உள்ளே செய்வது நாம் இப்போது பார்த்த அதே ஹிடன், சிஸ்டம் வித்தைதான்.

4. தூக்கத்திலிருந்து எழும்போது பாஸ்வேர்ட் வேண்டாம்

சைன்-இன் கேட்பது இரண்டு சந்தர்ப்பங்களில்: கணினி ஸ்லீப்பிலிருந்து எழும்போது, புதிதாக ஆன் ஆகும்போது. இரண்டுக்கும் அமைப்பு வேறு வேறு இடத்தில் இருக்கிறது. ஒன்றை மாற்றிவிட்டு மற்றது ஏன் மாறவில்லை என்று குழம்புவதுதான் வழக்கமாக நடப்பது.

எழும்போது கேட்பதை நிறுத்துவது எளிது. விண்டோஸ் விசையுடன் ஐ, 'அக்கவுண்ட்ஸ்', 'சைன்-இன் ஆப்ஷன்ஸ்'. விலகியிருந்து திரும்பினால் எப்போது மறுபடி சைன்-இன் கேட்கலாம் என்று ஒரு கேள்வி இருக்கும். 'நெவர்' தேர்ந்தெடுங்கள். சில மடிக்கணினிகளில் ஒரு நிமிடம், மூன்று நிமிடம் என்று கால அளவுகள் வரும். அவை மாடர்ன் ஸ்டாண்ட்பை வகை, அதாவது ஸ்லீப்பிலும் உள்ளுக்குள் லேசாக விழித்திருப்பவை. அவற்றில் நெவரை விட 15 நிமிடம் நல்லது என்பேன். இதற்குப் பிறகும் கேட்டால் ஸ்கிரீன் சேவர் அமைப்பில் 'ஆன் ரெஸ்யூம்' என்று தொடங்கும் டிக் இருக்கிறதா பாருங்கள்.

5. ஆன் ஆகும்போதே பாஸ்வேர்ட் வேண்டாம்

விண்டோஸ் விசையுடன் ஆர் அழுத்தி, 'நெட்பிஎல்விஸ்' தட்டுங்கள்: நெட், பி, எல், பிறகு விஸார்ட் என்பதன் முதல் மூன்று எழுத்து, நடுவில் இடைவெளி இல்லை. திறக்கும் பெட்டியின் மேலே, பயனர்கள் பெயரும் பாஸ்வேர்டும் தர வேண்டும் என்ற டிக் இருக்க வேண்டும். பலருக்கு அது இருக்காது.

அதைத் தேடி, விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரிக்குள் போகச் சொல்கிற வீடியோக்கள் ஏராளம். பெரும்பாலும் தேவையில்லை. 'சைன்-இன் ஆப்ஷன்ஸ்' பக்கத்திலேயே மைக்ரோசாஃப்ட் கணக்குகளுக்கு விண்டோஸ் ஹலோ (முகம், கைரேகை, பின் எண்) சைன்-இன் மட்டும் போதும் என்ற பொருளில் ஒரு ஸ்விட்ச் இருக்கிறது. அதை ஆஃப் செய்து, பெட்டியை மூடித் திறந்தால் டிக் வந்துவிடும்.

பட்டியலில் உங்கள் கணக்கைத் தேர்ந்தெடுத்து, டிக்கை எடுத்து, 'அப்ளை' அழுத்துங்கள். பாஸ்வேர்டை இரண்டு முறை கேட்கும். இங்கே தர வேண்டியது கணக்கின் பாஸ்வேர்ட், பின் எண் இல்லை. தினமும் பின் போட்டே பழகியவர்களுக்கு பாஸ்வேர்ட் மறந்தே போயிருக்கும், விரல் தானாகப் பின்னைத்தான் அடிக்கும். இந்தப் பெட்டியோ நீங்கள் தருவது சரியா என்று சரிபார்ப்பதே இல்லை. இரண்டு முறையும் ஒரே மாதிரி இருந்தால் வாங்கிக்கொண்டு பேசாமல் மூடிவிடும். மறுபடி ஆன் செய்யும்போதுதான் பாஸ்வேர்ட் தவறு என்று திரையில் வந்து நிற்கும். வந்தால் பதற வேண்டாம். வழக்கம் போல உள்ளே போய், இதே படியைச் சரியான பாஸ்வேர்டோடு திரும்பச் செய்யுங்கள். பின்னாளில் பாஸ்வேர்டை மாற்றினாலும் இதைத் திரும்பச் செய்தாக வேண்டும்.

டிக் எப்படியும் வரவில்லை என்றால், மைக்ரோசாஃப்ட்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தளத்தில் 'ஆட்டோலாகன்' என்ற சின்ன கருவி இருக்கிறது. பெயர், டொமைன், பாஸ்வேர்ட், 'எனேபிள்', அவ்வளவுதான். எனக்கு இதுதான் பிடிக்கும். பாஸ்வேர்டை ரெஜிஸ்ட்ரியில் கையால் எழுதும் பழைய முறையில் அது அப்பட்டமாக எழுத்தாகவே கிடக்கும். இந்தக் கருவி குறியாக்கம் செய்து வைக்கிறது. ஆனால் அட்மின் உரிமை உள்ளவர் நினைத்தால் அதையும் எடுத்துவிடலாம். தானாக உள்ளே போவதை ஒரு தடவை மட்டும் தவிர்க்க வேண்டுமானால் ஷிஃப்டை அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இதை மேசையை விட்டு நகராத கணினிக்கு மட்டும் செய்யுங்கள். மடிக்கணினியில் டிரைவைக் குறியாக்கம் செய்து பூட்டும் பிட்லாக்கர் போட்டிருந்தாலும், ஆன் செய்ததும் அதுவே பூட்டைத் திறந்து, அதுவே உள்ளேயும் போய்விட்டால், எடுத்துச் சென்றவருக்கு வேலையே இல்லை. பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளும் கூடவே போகும். மடிக்கணினிக்குக் கைரேகையோ பின்னோ வைத்துக்கொள்ளுங்கள். பின் எண் அந்த ஒரு கணினிக்கு மட்டும் செல்லும் என்பதால், யாராவது பார்த்துவிட்டாலும் வேறு கணினியிலிருந்து உங்கள் கணக்குக்குள் நுழைய அது உதவாது. அலுவலகம் தந்த கணினியில் இவை எதையும் முயல வேண்டாம்.

பிறகு சேர்த்தது

அட்ரிப் வரிக்கு 'பாராமீட்டர் ஃபார்மட் நாட் கரெக்ட்' என்று வருகிறதென்று கேட்டிருந்தார்கள். இடைவெளி விட்டுப்போயிருக்கும், அல்லது கழித்தல் குறிக்குப் பதில் வேறு எங்கிருந்தோ நகலெடுத்த நீளக் கோடு விழுந்திருக்கும். நகலெடுக்காமல் கையால் தட்டுங்கள்.

லோக்கல் கணக்கென்றால் பாஸ்வேர்டையே காலியாக விட்டுவிடலாமே என்றும் ஒருவர் கேட்டார். விடலாம், ஆன் ஆகும்போது கேட்காது. ஆனால் பாஸ்வேர்ட் இல்லாத கணக்கை வைத்து நெட்வொர்க் வழியாக வேறு கணினியிலிருந்து பகிர்ந்த ஃபோல்டருக்குள் போக விண்டோஸ் விடாது.

மேக்கில் ஃபைண்டரைத் திறந்து கமாண்ட், ஷிஃப்ட், புள்ளி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் மறைந்தவை தெரியும், மறுபடி அழுத்தினால் மறையும். அங்கே டிரைவைக் குறியாக்கம் செய்யும் ஃபைல்வால்ட் ஆன் செய்திருந்தால் தானாக லாகின் ஆகும் வசதி கிடைக்காது. லினக்ஸில் பெயர் புள்ளியில் தொடங்கினாலே ஃபைல் மறைந்துவிடும், பெரும்பாலான ஃபைல் மேனேஜர்களில் கண்ட்ரோல் ஹெச் காட்டிவிடும். உபுண்டுவில் தானியங்கி லாகினை ஆன் செய்தபின் பிரவுசரைத் திறக்கும்போது கீரிங் (சேமித்த பாஸ்வேர்டுகளின் பெட்டகம்) பாஸ்வேர்ட் கேட்டால், அது கோளாறு இல்லை. லாகினின்போது பாஸ்வேர்ட் தராததால் கீரிங் பூட்டியபடியே இருக்கிறது. லாகின் பாஸ்வேர்டையே அங்கே கொடுங்கள்.