வீட்டு மின்வாகன சார்ஜரும் மின்காந்த இரைச்சலும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சார்ஜர் வடிவமைப்புக்குப் புதிதாக வருபவர்கள் பரிசோதனைக் கூடத்துக்குக் கொண்டுவரும் பெட்டிகளைத் திறக்கும்போதெல்லாம், எங்கள் தலைமுறை செய்து ஓய்ந்த தவறுகளே புதிய உறைக்குள் உட்கார்ந்திருப்பதைக் காண்கிறேன். திருகாணியை இறுக்காதது, எர்த் கம்பியை மறந்தது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவை முதல் நாளிலேயே தெரிந்துவிடும். செய்தவருக்கே தவறு என்று தெரியாமல் போகிறவற்றைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

இரைச்சல் எங்கே பிறக்கிறது என்று பார்க்காமல் சுவர்ப்பெட்டியைப் பழிப்பது

வண்டி சார்ஜ் ஆகும்போது வானொலியில் மத்திய அலை கரகரத்தால், எல்லோரும் முதலில் சுவரில் இருக்கும் பெட்டியைத்தான் கைகாட்டுகிறார்கள். வீட்டில் பொருத்தப்படும் பெரும்பாலான பெட்டிகள் மாறுமின்னோட்டத்தை அப்படியே வண்டிக்கு அனுப்புபவை. அவற்றுக்குள் இருப்பது மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் மின்காந்த ஸ்விட்ச்சான ஒரு காண்டாக்டரும், கட்டுப்பாட்டுப் பலகையும், அந்தப் பலகைக்கு வேண்டிய சிறிய மின்வழங்கியுமே. மின்னோட்டத்தை வேகமாகத் துண்டித்துத் துண்டித்து நேர்மின்னோட்டமாக மாற்றும் வேலை வண்டிக்குள் நடக்கிறது. அங்கே எழும் இரைச்சல் கேபிள் வழியாக வீட்டு வயரிங்குக்குள் திரும்பி வருகிறது, அந்தக் கேபிளே ஆன்டெனாவாகவும் ஆகிவிடுகிறது. பெட்டிக்கு மின்சாரம் இருக்கும்போதே வண்டியின் இணைப்பை மட்டும் எடுத்துவிட்டு, பேட்டரியில் ஓடும் வானொலியை அருகில் வைத்துக் கேளுங்கள். இரைச்சல் நின்றுவிட்டால் வண்டிப் பக்கத்தை ஆராய வேண்டும். நிற்காவிட்டால் பெட்டியின் சிறிய மின்வழங்கியைச் சந்தேகிக்கலாம். விதிகளும் இப்படியே பிரிந்திருக்கின்றன: வண்டிக்கு ஐ.நா. ஒழுங்குமுறை எண் 10, பெட்டிக்கு ஐ.இ.சி. (பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம்) தரநிலை 61851-21-2.

சான்று பெற்ற பாகங்களைக் கோத்தால் சான்று பெற்ற கருவி வந்துவிடும் என்று எண்ணுவது

வராது. கோத்து முடித்த கருவியின் இரைச்சலை அளந்தாக வேண்டும்.

ஏ வகுப்புக் கருவியை வீட்டில் மாட்டுவது

கருவி வெளியிடக்கூடிய இரைச்சலுக்கான வரம்புகள் ஏ, பி என்று இரண்டு வகுப்பு. வீடுகளுக்கு பி வகுப்பு வரம்பே பொருந்தும். 5 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை மின்கம்பியில் அது அனுமதிக்கும் குவாசி-பீக் அளவு (அடிக்கடி வரும் உச்சங்களுக்கு அதிக எடை தரும் அளவீடு) 60 டெசிபெல் மைக்ரோவோல்ட், அதாவது ஒரு மில்லிவோல்ட். தொழிற்கூடங்களுக்கான ஏ வகுப்பு 73 வரை விடுகிறது. வோல்ட் கணக்கில் அது நான்கு மடங்குக்கும் மேல்.

நல்ல ஃபில்டர் வாங்கிவிட்டால் போதும் என்று நம்புவது

இன்னும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். வீட்டுக்கென வடிவமைத்த நேர்மின்னோட்ட சார்ஜர் ஒன்று அளவீட்டுக்கு வந்தது. 10 மெகாஹெர்ட்ஸை ஒட்டி வரம்பைத் தாண்டியதால், அதன் வடிவமைப்பாளர் ஏற்கெனவே இரைச்சலைத் தடுக்கும் ஃபில்டரை மாற்றி, அதைவிட விலை கூடியதைப் போட்டிருந்தார். அளவு அசையவில்லை. மூடியைத் திறந்தபோது வயரிங் கண்ணுக்கு மிக அழகாக இருந்தது; சிக்கலே அந்த அழகுதான். ஃபில்டருக்குள் போகும் கம்பிகளும் வெளியே வரும் கம்பிகளும் ஒரே கட்டாகச் சேர்த்து நேர்த்தியாக டை போடப்பட்டிருந்தன. ஃபில்டர் தடுக்கும் இரைச்சல் பக்கத்துக் கம்பிக்குத் தாவி அதைச் சுற்றிக்கொண்டு வெளியேறிவிடும்போது, அந்த ஃபில்டர் எத்தனை விலை உயர்ந்ததாக இருந்தால் என்ன?

அதைவிட மோசம் எர்த் இணைப்பு. பெயின்ட் பூசிய தகட்டின் மேல் ஃபில்டர் திருகப்பட்டிருந்தது. அதன் உலோக உடல் தகட்டைத் தொடவே இல்லை. பதிலுக்கு 20 சென்டிமீட்டர் நீளப் பச்சை-மஞ்சள் கம்பி ஒன்று எர்த் முனைக்குப் போயிற்று. மின் அதிர்ச்சியிலிருந்து காக்க அந்தக் கம்பி போதும், இரைச்சலுக்குப் போதாது. மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு நானோஹென்றி என்று கொண்டால் அதன் மின்தூண்டல் 200 நானோஹென்றி. 10 மெகாஹெர்ட்ஸில் அது 12 ஓமுக்கும் அதிகமான தடை. இரைச்சலை எர்த்துக்கு இறக்குவதற்காக ஃபில்டருக்குள் இருக்கும் 4.7 நானோஃபாரட் ஒய் மின்தேக்கி அதே அதிர்வெண்ணில் மூன்றரை ஓமுக்கும் குறைவாகவே தடுக்கிறது. இரண்டும் 5 மெகாஹெர்ட்ஸை ஒட்டி ஒத்ததிர்ந்துவிடுகின்றன. அதற்கு மேலே நீங்கள் காசு கொடுத்து வாங்கிய மின்தேக்கி வேலை செய்வதில்லை, கம்பிதான் பேசுகிறது.

இது புரியாதபோது அடுத்த தவறு தானாக வருகிறது. அவரும் ஒய் மின்தேக்கியை மொத்தம் 100 நானோஃபாரட்டாகப் பெருக்கிப் பார்த்திருந்தார். அதே கம்பி இருக்கும்வரை 10 மெகாஹெர்ட்ஸில் ஒன்றும் மேம்படாது. மாறியது வேறொன்று: 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எர்த்துக்குக் கசியும் மின்னோட்டம் 0.34 மில்லிஆம்பியரிலிருந்து 7 மில்லிஆம்பியருக்கு மேல் ஏறிவிட்டது. கசிவைக் கண்டு மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் பாதுகாப்பு ஸ்விட்ச், 15-ஐத் தாண்டியதிலிருந்தே விழக்கூடியது. வண்டியின் கசிவும், அதே ஸ்விட்ச்சில் இருக்கும் மற்ற கருவிகளின் கசிவும் சேரும்போது, இரவில் ஸ்விட்ச் விழுந்து காலையில் வண்டி சார்ஜ் ஏறாமல் நிற்கும். இரைச்சலைக் குறைக்கக் கிளம்பியவர் பயன்படுத்த முடியாத கருவியோடு நின்றார்.

தகட்டின் பெயின்டைச் சுரண்டி, ஃபில்டரின் உடலை வெற்று உலோகத்தின் மேல் அழுந்த வைத்துத் திருகினோம். உள்ளே வரும் கம்பிகளை ஒரு மூலைக்கும் வெளியேறும் கம்பிகளை எதிர் மூலைக்கும் விலக்கினோம். மின்தேக்கியைப் பழைய அளவுக்கே கொண்டுவந்தோம். முதலில் கழற்றி எறிந்த அந்த மலிவான ஃபில்டரிலேயே அளவு வரம்புக்குள் வந்துவிட்டது. இதற்கிடையே புதிய ஃபில்டருக்கும் கூடத்து வாடகைக்கும் போன பணம் போனதுதான்.

ஃபெரைட் வளையத்துக்குள் ஒற்றைக் கம்பியை நுழைப்பது

ஃபெரைட் என்ற காந்தப் பீங்கான் வளையம், அதற்குள் போகும் கம்பியின் இரைச்சலைத் தடுக்கப் போடப்படுவது. 32 ஆம்பியர் ஓடும் ஒரே கம்பியை நுழைத்தால் வளையம் காந்தச் செறிவடைந்து, அதாவது அதற்கு மேல் காந்தத்தை ஏற்க முடியாமல், வெறும் அலங்காரமாகிவிடும். போகும் கம்பியும் திரும்பும் கம்பியும் சேர்ந்தே நுழைய வேண்டும். அப்போதுதான் பிரதான மின்னோட்டத்தின் காந்தப்புலம் ஒன்றையொன்று அழித்து, இரண்டிலும் ஒரே திசையில் ஓடும் இரைச்சலை மட்டும் வளையம் தடுக்கும். இடமிருந்தால் இரண்டு சுற்று சுற்றுங்கள். தாழ்ந்த அதிர்வெண்களில் தூண்டல் நான்கு மடங்காகும்.

150 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே கண்ணை மூடிக்கொள்வது

மின்கம்பி இரைச்சலுக்கான வழக்கமான வரம்புகள் 150 கிலோஹெர்ட்ஸில் தொடங்குவதால், ஸ்விட்சிங் அதிர்வெண்ணை, அதாவது மின்னோட்டத்தைத் துண்டிக்கும் வேகத்தை, அதற்குக் கீழே வைத்துத் தப்பிப்பது பலரும் செய்வது. வேகம் 70 கிலோஹெர்ட்ஸ் என்றால் அடிப்படை அலையும் இரண்டாம் மடங்கும் அளவீட்டில் விழாது; மூன்றாவதுதான் முதலில் அகப்படும். ஆனால் மின்கம்பி வழியே பேசும் மின்மீட்டர்கள் பல 35 முதல் 91 கிலோஹெர்ட்ஸ் வரையில்தான் தகவல் அனுப்புகின்றன. தேர்வில் வென்ற சார்ஜர் மீட்டரை ஊமையாக்கிவிடும். அந்தப் புகாருக்குச் சான்றிதழைக் காட்டிப் பயனில்லை.

பைலட் கம்பியை மின்கம்பியோடு சேர்த்துக் கட்டுவது

வண்டியும் பெட்டியும் பைலட் கம்பி வழியே பேசிக்கொள்வது 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலையில். 12 வோல்ட் 9 ஆக இறங்கினால் வண்டி இணைந்தது. 6 ஆனால் சார்ஜ் வேண்டும் என்று பொருள். இந்த அளவுகளின் மேல் இரைச்சல் ஏறினால் சார்ஜ் காரணமின்றி நின்று நின்று தொடங்கும், பழி வண்டியின் மேல் விழும். கேபிளுக்குள் பிரிக்க வழியில்லை. பெட்டிக்குள்ளாவது பிரித்து ஓட்டுங்கள்.